அப்பா ஊருக்குத் திரும்பணும் என்கிறார்: முகாமிலிருந்து போனவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை
11 அக்டோபர் 2025, இரவு 9.40

வணக்கம். இங்கே நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

அப்பாவுக்கு 67 வயசு. 1990ல் பேசாலையில் வள்ளம் ஏறி தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர். மண்டபத்தில் கொஞ்ச காலம், பிறகு மதுரைப் பக்கம் ஒரு முகாம். நான் 1994ல் இங்கேயே பிறந்தேன். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு பெயின்ட் அடிக்கப் போகிறேன். முகாமில் என் வயசுக்காரன் பாதிப் பேர் அப்படித்தான். மனைவியும் முகாமில் பிறந்தவள். நாலு வயசில் ஒரு பெண் குழந்தை. தங்கச்சி இந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு வெளியே இருக்கிறாள்.

அம்மா தவறிய பிறகு அப்பாவுக்கு ஒரே பேச்சு. மன்னாரில் அடம்பன் பக்கம் தாத்தா பேரில் மூன்று ஏக்கர் வயல், ஒரு குடியிருப்புக் காணி. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி பாயும் வயலாம். பெர்மிட்டின் ஜெராக்ஸ் ஒன்று பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். "என்னை அங்க கொண்டுபோய் விட்டிடு, நீங்கள் வந்தா வாங்கோ, வராட்டி விடுங்கோ" என்கிறார்.

ஐ.நா. அகதிகள் ஆணையம் டிக்கெட் போட்டு அனுப்பும் என்று தெரியும். எனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு என்ன என்பதுதான். அப்பாவை மட்டும் அனுப்பலாமா, எல்லோரும் போகணுமா? போய்ப் பார்த்துச் சரிப்படவில்லை என்றால் திரும்பி வர வழி உண்டா?


பனங்கூடல்
11 அக்டோபர் 2025, இரவு 10.55

தம்பி, யோசிக்காமல் போங்கோ. சொந்த மண்ணில கஞ்சி குடிச்சாலும் அது தனி. வடக்கில எங்கட சனத்தொகை குறைஞ்சுகொண்டு போகுது, பள்ளிக்கூடங்கள் பிள்ளையள் இல்லாமல் மூடுப்படுது, காணியள் சும்மா கிடந்தா மற்றவன் பிடிப்பான். உங்களைப்போல படிச்ச பெடியள் திரும்பினாத்தான் இனத்துக்கு எதிர்காலம். முகாமில அடைபட்டுக் கிடக்கிறது ஒரு சீவியமே? நான் போன கோடைக்கு ரொறன்ரோவில இருந்து போய் ஒரு மாதம் நிண்டனான். யாழ்ப்பாணம் நல்லாத்தான் இருக்கு.


ரேவதி
11 அக்டோபர் 2025, இரவு 11.20

பனங்கூடல் அண்ணா, கனடா பாஸ்போர்ட்டில் ஒரு மாதம் போய் நின்று பார்ப்பது வேறு, திரும்பி வர வழியில்லாமல் போவது வேறு. இனத்துக்கு எதிர்காலம் வேண்டுமென்றால் முதல் விமானத்தில் நீங்கள் ஏறுங்கள், பின்னாடியே நாங்களும் வருகிறோம்.

நானும் முகாம்தான். இங்கே எனக்கு வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. ஆனாலும் குடும்பத் தலைவருக்கு 1,500, பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று மாதா மாதம் வருகிறது, ரேஷன் அரிசி வருகிறது. 2021ல் அறிவித்த 7,469 வீடுகளில் எங்களுக்கும் ஒன்று கட்டி முடிந்தது. எத்தனையோ வருசம் தகரத்துக்குள் வெந்தபிறகு ஓட்டை இல்லாத ஒரு கூரை. அதை விட்டுவிட்டு, பார்த்தே இராத ஊரில் பற்றை வெட்டு என்றால் என் பிள்ளை கேட்க மாட்டானா?

வைகைக்கரை, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: திரும்பி வர முடியாது. வெளியேறும் அனுமதி வாங்கின அன்றைக்கே முகாம் பதிவிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் வந்தால் வெளிநாட்டுக்காரராக விசா எடுத்துத்தான் வரணும். உதவித்தொகை, வீடு எல்லாம் போச்சு.


பனங்கூடல்
11 அக்டோபர் 2025, இரவு 11.48

நான் நல்லெண்ணத்தில சொன்னது. உங்களுக்குக் கோபம் வருமெண்டா வாயை மூடுறன்.


ரேவதி
11 அக்டோபர் 2025, இரவு 11.52

மூட வேண்டாம் அண்ணா. திரும்புகிற குடும்பம் ஒன்றுக்குக் கிணறு இறைக்கக் காசு அனுப்புங்கள், போதும்.


மாந்தைமகள்
12 அக்டோபர் 2025, காலை 6.15

வைகைக்கரை தம்பி, நான் 2016ல திரும்பி வந்தனான். இப்ப அடம்பனுக்குப் பக்கத்திலதான் இருக்கிறம். உள்ளதை உள்ளபடி சொல்லுறன், முடிவு உங்கட.

வரேக்க எல்லாம் ஒழுங்கு. சென்னையில ஆணையத்துக்காரர் என்னையும் அவரையும் தனித்தனியா இருத்தி, ஆரும் வற்புறுத்தினவையா எண்டு கேட்டவை. டிக்கெட், வழிச்செலவு, இஞ்ச வந்தபிறகு மீள ஒருங்கிணையிறதுக்கெண்டு ஒரு தொகை. அந்தத் தொகை கூரைத் தகரத்துக்கும் சட்டிபானைக்கும் காணும். அதோட அவையின்ர வேலை முடிஞ்சுது. எங்கட வேலை அண்டைக்குத்தான் தொடங்கினது.

முதலாவது, அடையாள அட்டை. எனக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது, அவருக்கு இல்லை. பிள்ளையளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ்தான். சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில பதிஞ்சு குடியுரிமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்திருந்தா அரைவாசி அலைச்சல் மிச்சம். ஜீ.எஸ். (கிராம அலுவலர்) ஐயா நல்ல மனுசன், ஆனா "பதிவில பேர் இல்லையே, நான் என்ன செய்ய" எண்டு கையை விரிச்சிட்டார். அட்டை இல்லாட்டி வங்கிக் கணக்கு இல்லை, அப்ப இருந்த சமுர்த்தி எண்ட அரசாங்க உதவிப்பணம் இல்லை, கூலி வேலைக்குத் தூரப் போனா வழியில மறிச்சுக் கேட்டாலும் காட்ட ஒண்டும் இல்லை.

இரண்டாவது காணி. குடியிருப்புக் காணி பற்றைக் காடு, கிணத்துக்குள்ள மண். அது வெட்டினாப் போகும். வயலை அவரின்ர ஒண்டுவிட்ட சகோதரம் கனகாலமாச் செய்துகொண்டிருந்தவர். சண்டைக்குள்ளயும் அந்த வயலைத் தரிசாப் போடாமல் வைச்சிருந்தவர் அவர்தான். அவரை எழும்பு எண்டு எந்த வாயால சொல்லுறது? இண்டைக்கும் ஒரு ஏக்கர்தான் எங்களிட்ட. கோயில் திருவிழாவில முகம் பாக்கிறதில்லை.

மூண்டாவது பிள்ளையள். மகனுக்கு அப்ப 13. முகாம் பள்ளிக்கூடத்தில தமிழ் மீடியம், அதால பாடம் விளங்கினது. சிங்களம் ஒரு பாடமா இருந்தது, எழுத்தே தெரியாது. வகுப்பில "இந்தியாக்காரன்" எண்டு பட்டம். அவன்ர "என்னங்க, வாங்க" பேச்சுக்கு ஒவ்வொரு நாளும் சிரிப்பு. சாதாரண தரப் பரீட்சை ரெண்டாம் முறைதான் தேறினவன். மகள் சின்னன், அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிள்ளை சின்னனா இருக்கேக்க வாறதுதான் நல்லது எண்டு நான் ஆரைக் கண்டாலும் சொல்லுவன்.

வீடு? இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடு, வடகிழக்கில வீட்டுக்காரரே கட்டச் சொல்லி ஐந்தரை இலட்சம் குடுத்தவை. நாங்கள் வரேக்க எங்கட பக்கத்துப் பட்டியல் மூடிப்போச்சு. பிந்தி வந்தவைக்கு எப்பவும் பட்டியல் மூடித்தான் இருக்கும். காசு தேவைப்பட்ட நேரம் வாசலுக்கு வந்தவன் நுண்கடன்காரன். குழுவாச் சேர்த்து, கிழமைக்குக் கிழமை கட்டச் சொல்லி, ஒருத்தி கட்டாட்டி மற்றவையைப் பிடிப்பினம். கனபேர் ஒண்டைக் கட்ட இன்னொண்டு எடுத்து நாசமாப் போச்சினம். 2018ல அரசாங்கம் கொஞ்சக் கடன் தள்ளுபடி செய்தது அதாலதான். என்ன கஷ்டம் வந்தாலும் அந்தப் பக்கம் போகாதேங்கோ.

எங்களைக் காப்பாத்தினது ஆடு. மாதர் சங்கம் சுழற்சி முறையில தந்த மூண்டு ஆடு. குட்டி போட்டதும் மூண்டைத் திருப்பிக் குடுக்கவேணும். பெருசா ஒண்டும் இல்லை, ஆனா அதைத் தந்தவை மாதம் ஒருக்கா வந்து பாத்தவை, என்ன குறை எண்டு கேட்டவை. ஆணையத்தின்ர காசைவிட அந்த வந்து பாத்ததுதான் பெரிசு.

2022ல பெற்றோலும் இல்லை, மாவும் இல்லை, பால்மாவுக்குப் பேயா அலைஞ்சம். அப்ப மார்ச் மாதத்தில இருந்து திரும்பவும் தனுஷ்கோடிக்கு வள்ளம் ஓடத் தொடங்கினது. எங்கட பக்கத்தில எங்களைப்போலத் திரும்பி வந்த ஒரு குடும்பமும் போட்டுது. அவை இப்ப மண்டபத்தில. நானும் ஒரு இரவு பெட்டி கட்டினனான். அவர்தான் மறிச்சவர்.

இப்ப கேட்டா, வந்தது சரியா பிழையா எண்டு சொல்லத் தெரியாது. முகாமில மாதிரி இரவில ஆரும் வந்து ஆள் எண்ணுறதில்லை. அது எனக்குப் பெரிசு.


மறுவாழ்வுத்தொண்டன்
12 அக்டோபர் 2025, காலை 11.05

முகாம்களில் சில காலம் தொண்டு வேலை செய்தவன். இரண்டு விஷயம்.

முதலில் அவசரமான செய்தி. இந்த மே மாதக் கடைசியில், ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே முறைப்படி திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். குற்றம், பல வருசத்துக்கு முன் அனுமதியில்லாத வழியில் நாட்டை விட்டுப் போனது. குண்டு விழும்போது யார் கொழும்புக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு வள்ளம் ஏறினார்கள்? தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் உட்படப் பலர் கண்டித்தார்கள், அரசாங்கமும் அது சரியில்லை என்கிற மாதிரிப் பேசியது, ஆனால் சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. ஆணையமும் ஆட்களை அனுப்புவதை நிறுத்தி வைத்தது. உங்கள் அப்பாவும் 1990ல் வள்ளத்தில் வந்தவர், ஆகவே இது நேரே அவரைத் தொடும். மறுபடி தொடங்கிவிட்டதா, எழுத்தில் என்ன உறுதி தருகிறார்கள் என்று ஆணையத்திடமே கேட்டு வாங்குங்கள். "ஒண்ணும் ஆகாது, போங்க" என்று வாயால் சொல்கிறவர் பேச்சு வேண்டாம்.

இரண்டாவது. "சுயவிருப்பம்" என்று தாளில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்கு நம்மிடமே வரலாறு இருக்கிறது. 1992 தொடங்கி 1995 வரை சுமார் 54,000 பேரை அனுப்பினார்கள். ராஜீவ் கொலைக்குப் பிந்தைய காலம். முகாமில் பள்ளிக்கூடம் நின்றது, தொண்டு நிறுவனங்களை உள்ளே விடவில்லை, விருப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் நிறுத்தி யோசித்தார்கள். அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் வைத்து ஆட்களை விசாரிக்க இடம் கிடைத்ததும் 1992ல்தான். அப்படிப் போனவர்களில் எத்தனையோ பேர் 1996க்குப் பிறகு மறுபடி இதே கடலைத் தாண்டி வந்தார்கள்.

2009க்குப் பிறகு நடந்தது அப்படியல்ல. கேட்டவர்கள் மட்டும் போனார்கள். 2010, 2011ல் வருசத்துக்கு 2,000 பேர் அளவில் போனார்கள், பிறகு வேகம் குறைந்துவிட்டது. குறைந்ததற்குக் காரணம் மாந்தைமகள் அக்கா எழுதியதுதான். போனவர்கள் ஃபோன் போட்டு இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லுகிறார்கள் அல்லவா? எந்தத் துண்டறிக்கையும் அதற்கு முன் நிற்காது.

ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984ல் தொடங்கியது, பிறப்புப் பதிவுக்கும் குடியுரிமைத் தாளுக்கும் முகாம் முகாமாகப் போய் வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் முகாமில் அவர்கள் ஆள் இருந்தால் அங்கே தொடங்குங்கள்.

கையில் தாள் வந்தபிறகு, முகாம் தனி வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கலெக்டர் அலுவலகம், சென்னையில் மறுவாழ்வு ஆணையர், தமிழ்நாட்டுக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் சரிபார்ப்பு என்று கோப்பு நகரும். எங்காவது ஒரு மேசையில் தூங்கும். அப்பாவின் பேரில் பழைய வழக்கு ஏதாவது இருந்தால் இப்போதே பாருங்கள், கடைசி நேரத்தில் டிக்கெட் போட்ட பிறகு அது கிளம்பிப் பல பேர் அழுததைப் பார்த்திருக்கிறேன்.


வைகைக்கரை
12 அக்டோபர் 2025, மதியம் 1.30

மாந்தைமகள் அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆடு கதைக்குத் தலையாட்டினார், கைது கதைக்கு "என்னைப் பிடிச்சு என்ன செய்யப்போறாங்கள், சோறு போடுவாங்கள்தானே" என்கிறார்.

தொண்டன் அண்ணா, எங்களிடம் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் குடியுரிமைத் தாள் எடுத்தால் நாளைக்கு இந்தியக் குடியுரிமை கேட்க முடியாமல் போகும் என்று முகாமில் ஒரு பேச்சு இருக்கிறது. அதனால்தான் நானும் பாப்பாவுக்குப் பதியவே இல்லை. இது உண்மையா?


சட்டப்பக்கம்
12 அக்டோபர் 2025, மாலை 4.10

நான் வழக்கறிஞர்தான், ஆனால் உங்கள் கோப்பைப் பார்க்காமல் எழுதுகிறேன். அதை மனதில் வையுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை. இந்திய அரசு ஏற்கெனவே உங்களை இலங்கையர் என்றுதான் பதிந்திருக்கிறது. சட்டப்படி நீங்கள் "சட்டவிரோதக் குடியேறி" என்ற வகைக்குள் வருவதால் பதிவு மூலமாகவோ இயல்புரிமை மூலமாகவோ குடியுரிமை கேட்கும் கதவு 2003 திருத்தத்திலேயே சாத்தப்பட்டது. பக்கத்து நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் 2019 திருத்தத்தில் (சி.ஏ.ஏ.) இலங்கை இல்லை. உங்கள் தங்கை இந்தியரைக் கட்டியும் குடியுரிமை பெற முடியாமல் இருப்பதும் இதனால்தான். ஆகவே இலங்கைத் தாள் எடுப்பதால் புதிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். எடுத்ததால் போயே ஆகவேண்டும் என்றும் இல்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் அப்பாவின் தாள்கள், அதை வைத்து உங்களுக்கு, உங்களுடையதை வைத்துப் பாப்பாவுக்கு.

இரண்டு வகையினர் மட்டும் விசாரிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஒன்று, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள். அவர்கள் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண், 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய்ப் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, 2024 தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் வாக்களித்தார். இரண்டு, மலையக வழியில் வந்தவர்கள், அதாவது தோட்ட வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினர். அவர்கள் கதை தனி, அவர்கள் குடியுரிமைக் கோரிக்கை பற்றி 2019ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பை அவர்கள் வழக்கறிஞர் வாசித்திருக்க வேண்டும்.

இந்தியப் பக்கம் இன்னொரு மாற்றம்: இந்தச் செப்டம்பரில் வந்த புதிய குடிவரவுச் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைத் தாள் இல்லாமல் இருந்ததற்குத் தண்டிக்க முடியாது. நாளைக்கே யாரும் உங்களைத் துரத்தப்போவதில்லை என்று அர்த்தம். அவசரப்படத் தேவையில்லை.

காணி பற்றி. அப்பாவிடம் இருப்பது உறுதியா (சொந்தக் காணிப் பத்திரமா), காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட்டா என்பதில்தான் எல்லாமே. பெர்மிட் என்றால் அரச காணி, விற்க முடியாது, பிரதேச செயலாளர் பொறுப்பு. தாத்தா பின்னுரித்தாளர் (தனக்குப் பின் காணி சேர வேண்டியவர்) என்று யாரை எழுதி வைத்தார்? எழுதவில்லை என்றால் உறவு வரிசைப்படி போகும். அப்பாவுக்கு அண்ணன் அக்கா உண்டா? காணியில் இல்லாமல் கைவிட்டதாகக் காட்டிப் பெர்மிட்டை ரத்து செய்து வேறொருவருக்குக் கொடுத்திருக்கவும் கூடும். அதைக் கோப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

தனியார் உறுதிக் காணி என்றால் வேறு தலைவலி. பத்து வருசம் இடையறாமல் ஒருவர் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துவிட 2016ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்குப் போட இரண்டு வருச அவகாசம் கொடுத்தார்கள். முகாம்களில் இருந்த எத்தனை பேருக்கு அப்போது அது தெரிந்தது?


நீலமலை
12 அக்டோபர் 2025, மாலை 6.45

மலையக வழி என்று சொன்னதால் நுழைகிறேன். எங்கள் பாட்டியைச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அனுப்பினார்கள். 1964ல் இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு போட்டார்கள். பாட்டி பிறந்ததும் கொழுந்து பறித்ததும் அட்டன் பக்கம். இந்தியாவை அவர் முதலில் பார்த்தது தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்தபோது.

அப்போதும் மறுவாழ்வுத் திட்டம் இருந்தது. 1968ல் நீலகிரியில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள், டேன்டீ. அதில் வேலை கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களுக்குத் தொழில் கடன். கடை வைத்தே பழக்கமில்லாத தோட்டத் தொழிலாளிக்குக் கடை வைக்கக் கடன். தரகர் வாங்கித் தந்து தரகரே தின்றார். கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டக் கூட்டிப்போய்க் கொத்தடிமையாக வைத்திருந்த கதையெல்லாம் எண்பதுகளில் வெளியே வந்தது.

ஆளுக்குத் தெரிந்த வேலையைப் பார்த்து உதவி செய்தால் நிற்கும், பட்டியலில் இருக்கிற உதவியைத் தூக்கி ஆளுக்குக் கொடுத்தால் நிற்காது. வைகைக்கரை, உங்கள் அப்பா விவசாயி, அவருக்கு வயல் தெரியும். உங்களுக்கு?


வைகைக்கரை
12 அக்டோபர் 2025, இரவு 7.20

எனக்கு நாற்றும் களையும் ஒன்றுதான். ஏணியும் ரோலரும் தெரியும். கணக்கு சொல்லிக் கொடுப்பேன், முகாமில் ட்யூஷன் எடுக்கிறேன்.


ஹாரோக்காரன்
12 அக்டோபர் 2025, இரவு 8.30

இங்கே லண்டனில் இருந்து ஒரு வார்த்தை. தஞ்சக் கோரிக்கை நிராகரிச்ச ஆக்களுக்கு இங்க உள்துறை அமைச்சு டிக்கெட்டோட 3,000 பவுண் வரைக்கும் குடுத்துத் திருப்பி அனுப்பும். இதுக்கும் தன்விருப்பத் திரும்பல் எண்டுதான் பேர். வேலை செய்ய அனுமதி இல்லை, வீடு இல்லை, எப்ப பிடிச்சு அடைப்பானோ எண்ட பயம், அதுக்குள்ள ஒரு கடிதம்: "போறியோ? காசு தாறம்." என்னோட ஒரு அறையில இருந்த பெடியன் ஒருத்தன் அப்பிடித்தான் போனவன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில மணித்தியாலக் கணக்கா விசாரணை, பிறகு வீட்டுக்கும் வந்து விசாரிச்சிருக்கினம். அந்தக் காசு முழுக்க முந்தி ஏஜென்சிக்குப் பட்ட கடனுக்குப் போட்டுது. கடை போடுறன் எண்டு போனவன் இப்ப ஆட்டோ ஓடுறான், அதுவும் வாடகை ஆட்டோ.

வைகைக்கரை, உங்களுக்கு ஒரு நன்மை இருக்கு. உங்களை ஒருத்தரும் கலைக்கேல்லை. ஏலாது எண்டு சொல்லிப்போட்டு இருக்கலாம். அந்த இடத்தில நிண்டுகொண்டு முடிவெடுங்கோ.


திருமலையான்
13 அக்டோபர் 2025, காலை 7.50

நாங்கள் திருகோணமலை சம்பூர். 2006ல் இடம்பெயர்ந்தோம். எங்கள் நிலத்தை முதலீட்டு வலயம் என்று வேலி போட்டார்கள். 2015ல் ஆட்சி மாறி 818 ஏக்கர் விட்டார்கள், அடுத்த வருசம் கடற்படை இருந்த 237 ஏக்கரும் வந்தது. செய்திகளில் எல்லாம் "மக்கள் மகிழ்ச்சி". மகிழ்ச்சிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடமே தெரியவில்லை. கிணறு மூடிக்கிடந்தது, எல்லைக் கல் இல்லை, மரம் இல்லை. அயலவன் வேலி எது என் வேலி எது என்று நில அளவைக்குக் காத்திருந்தோம்.

வந்த புதிதில் எல்லா நிறுவனமும் வரும், பதாகை கட்டிப் படம் எடுக்கும். இரண்டாம் வருசம் யாரும் வருவதில்லை. விளைச்சல் பிழைப்பதும், மனுசன் கடனுக்குள் விழுவதும், பெடியன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போவதும் இரண்டாம் மூன்றாம் வருசம்தான். உதவுகிறவர்கள் காசை இரண்டாகப் பிரித்துப் பாதியை இரண்டாம் வருசத்துக்கு வைத்திருந்தால் எவ்வளவோ நல்லது. இதை வந்த ஒவ்வொரு நிறுவனத்திடமும் சொன்னோம். எழுதிக்கொண்டு போனார்கள்.


நடுவர்
13 அக்டோபர் 2025, காலை 9.00

கட்சி அரசியல் பற்றிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அதற்கு வேறு இழை இருக்கிறது. கேள்வி கேட்டவருக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே எழுதுங்கள்.


ரேவதி
13 அக்டோபர் 2025, காலை 10.15

வைகைக்கரை, கோபத்தில் சொன்னதை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? இந்த இழையில் அப்பா பேசிவிட்டார், நீங்கள் பேசிவிட்டீர்கள், தாத்தா கூடப் பெர்மிட்டில் இருக்கிறார். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே போனால் தண்ணி தூக்கப் போவது அவர்தான்.


வைகைக்கரை
13 அக்டோபர் 2025, இரவு 9.05

ரேவதி அக்கா, நேற்று ராத்திரி பேசினோம். அவளுடைய சொந்தக்காரர்கள் வவுனியா பக்கம். 77 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வவுனியாவில் வந்து குந்தி, அங்கிருந்து 1990ல் இங்கே வந்தவர்கள். அவர்களுக்கென்று அங்கே ஒரு பிடி நிலம் கிடையாது. "உங்க அப்பாவுக்குக் காணி இருக்கு, எங்க அப்பாவுக்கு என்ன இருக்கு? எங்கம்மாவை யார்கிட்ட விட்டுட்டு வரட்டும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சட்டப்பக்கம் சொன்னபடி அவளுக்குத் தாள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கணும்.

அப்பா மட்டும் தனியாகப் போனால், நோய் நொடி என்றால் யார் பார்ப்பது என்பதுதான் இப்போது வீட்டில் ஓடுகிறது.


மாந்தைமகள்
14 அக்டோபர் 2025, காலை 5.50

தனிய விடாதேங்கோ தம்பி. 67 வயசில பற்றை வெட்ட ஏலாது. இஞ்ச தனிய வந்த வயசாளியள் ஒரு சிலர் இருக்கினம், பகல் முழுக்கக் கோயில் மண்டபத்திலதான்.

இப்பிடிச் செய்யலாம். முதலில காணி இருக்கோ இல்லையோ எண்டு பாப்பம். மாந்தை மேற்குப் பிரதேச செயலகம் அடம்பனிலதான், எனக்குக் கிட்ட. பெர்மிட் நம்பர், தாத்தாவின்ர முழுப்பேர், எந்தக் குடியேற்றத் திட்டம் எண்டதை எனக்குத் தனிமடலில அனுப்புங்கோ. புதன்கிழமை சனத்தைப் பாக்கிற நாள், காணிப் பிரிவில விசாரிச்சுச் சொல்லுறன். நேரில போய் வயலில ஆர் நிக்கினம் எண்டும் பாக்கிறன். ஆரும் செய்துகொண்டிருந்தா இப்பவே சண்டை தொடங்க வேண்டாம். காலபோகம் விதைக்கிற நேரம், விதைச்சவன் வெட்டட்டும்.

இன்னொண்டு. உங்கட கணக்குப் படிப்பு. இஞ்ச உயர்தரத்துக்குக் கணித ரீச்சர் இல்லாமல் பெடியள் மன்னார் ரவுனுக்குப் போய் வருகினம். அரசாங்க நியமனம் லேசில கிடையாது, இந்தியப் பட்டத்தை இஞ்சத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில ஒப்பவைக்க வேணும், அது இழுபடும். ரியூசன் எண்டா ஒருத்தரும் பட்டம் கேக்க மாட்டினம். பாடத்திட்டம் வேற, அதுக்கு இப்பவே பழைய வினாத்தாள் எடுத்துப் பாருங்கோ. இணையத்தில கிடக்கு.


மறுவாழ்வுத்தொண்டன்
14 அக்டோபர் 2025, காலை 11.30

அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று. அப்பாவுக்கு இலங்கைப் பாஸ்போர்ட் கிடைத்தாலும், அதை வைத்து ஒரு தடவை ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று மட்டும் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இப்போது சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் பறக்கிறது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. பார்ப்பவர்களுக்கெல்லாம் சுலபம். முகாம் பதிவில் இருக்கிறவருக்கு அது ஒருவழிப் பாதை. திரும்புவதற்கு முன் அகதியே போய்ப் பார்த்து வர ஏற்பாடு செய்வது மற்ற நாடுகளில் வழக்கம்தான், ஆணையமே செய்கிறது. நமக்கு இரண்டு அரசாங்கமும் அதைச் செய்து தரவில்லை. இத்தனை வருசமாக ஒரு குடும்பத்தில் ஒருவரையாவது பத்து நாள் போய்ப் பார்த்துவர விட்டிருந்தால், போகிறவர்கள் தெரிந்து போயிருப்பார்கள், இருக்கிறவர்களும் மனம் தெளிந்து இருந்திருப்பார்கள். டிக்கெட் காசைவிடக் குறைந்த செலவு.


பனங்கூடல்
14 அக்டோபர் 2025, இரவு 10.20

ரேவதி தங்கச்சி, கிணறு இறைக்க எவ்வளவு முடியும்? உண்மையாத்தான் கேக்கிறன். மாந்தைமகள், உங்கட மாதர் சங்கம் இன்னும் நடக்குதோ?


மாந்தைமகள்
15 அக்டோபர் 2025, மாலை 6.30

சங்கம் நடக்குது அண்ணை. ஆடுதான் காணாது. தனிமடல் போடுறன்.

வைகைக்கரை, இண்டைக்குச் செயலகத்துக்குப் போனனான். தாத்தாவின்ர பேரில கோப்பு இருக்கு, ரத்துச் செய்யேல்லை. பின்னுரித்து எண்ட இடத்தில அப்பாவின்ர பேர் இல்லை, வேற ஒரு பொம்பிளைப் பேர் இருக்கு. அப்பாவுக்கு அக்கா ஆரும் இருக்கினமோ?


வைகைக்கரை
15 அக்டோபர் 2025, இரவு 8.15

பெரிய அத்தை. 1990ல் எங்களோடு வரவில்லை, மடுவுக்குப் போனார்களாம். அதற்குப் பிறகு தொடர்பு இல்லை. நீங்கள் எழுதியதை வாசித்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவ இருக்கிறாவோ எண்டு கேள், காணி கிடக்கட்டும்" என்கிறார். அத்தையின் முழுப்பேரும் கணவர் பேரும் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் அக்கா. கடைசியாகத் தெரிந்த விலாசம் மடு அகதி முகாம்தான்.